மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிகளில் பிறநாட்டார்

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்துள்ள பாடசாலைகள் 1814 முதல் பிறநாட்டாரை ஏற்று வந்துள்ளன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசிரியர்கள், அதிபர்கள், துறவிகள். பின்னாளில் ஆய்வாளர்களும் தொண்டர்களும் சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே பாடத்தைப் படித்து, பின்னேரம் அதே ஊர் வீடொன்றுக்குத் திரும்பும் பரிமாற்ற மாணவர் இங்கு அரிது. ஆகவே, பள்ளிக்கூடம் வழியாகப் பிற பண்பாட்டை அறிதல் என்ற பொருளை மட்டக்களப்பில் ஆராய்பவர் ஆசிரியர்களின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பெருமைப்படத்தக்க பகுதிகள் பல கொண்ட வரலாறுதான் அது. ஆனால் விருந்தினர் எப்போதும் மேடையிலும் வீட்டுக்காரர் எப்போதும் கீழேயும் இருந்த வரலாறும் அதுவே.

நிலமும் மக்களும்

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ளது. வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பட்டியில் ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரையோ வயலும் குளமும் மேய்ச்சல் தரையும். பெயர்பெற்ற பாடசாலைகள் எழுவான்கரையிலும், வாவிக்குள் தீவாக நிற்கும் புளியந்தீவிலும் குவிந்துள்ளன. படுவான்கரைப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள் நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் கடப்பது அதன் பின்னும் தொடர்ந்தது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்தேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம். சிங்களவர் நூற்றுக்கு ஓரிருவர். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்மொழி தமிழே. இவர்களோடு பறங்கியர் என்ற சிறு சமூகமும் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டையை ஆண்டவர்கள் போய்விட்டாலும் அவர்கள் விட்டுச்சென்ற கலப்புப் போர்த்துக்கேயம் மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீட்டுப் பேச்சில் இந்த நூற்றாண்டு வரை தங்கியிருக்கிறது. மொழியியலாளர்கள் இங்கே வந்து பதிவு செய்துமிருக்கிறார்கள். வீட்டில் ஐரோப்பிய மூலமுள்ள மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றுக்குமிடையே வளர்ந்த பிள்ளைகள், பரிமாற்றத் திட்டங்கள் எவையும் பிறப்பதற்கு முன்பே இந்த ஊரில் இருந்தார்கள்.

ஓல்ட் பாதிரியார்

தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிக் குழு 1814 ஜூன் இறுதியில் காலியில் கரையேறியது. கோக் வழியிலேயே, மே மாதம், கப்பலில் இறந்துவிட்டார். குழுவிலிருந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அப்பயணத்தில் மாண்டார். காலியில் கூடிப் பேசி ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது ஓல்ட்டுக்குக் கிடைத்தது மட்டக்களப்பு. தனியாக வந்தார். தமிழ் படிக்கத் தொடங்கினார், பள்ளிகளைத் திறந்தார், 1815 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார். ஓராண்டுகூட நிறையவில்லை.

அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. இலங்கையில் இன்றும் இயங்கும் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளிகளுள் ஒன்று அது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையும் அதே சபையின் வழிவந்தது. ஓல்ட்டின் சிலை இன்று நகரின் வாவிக்கரையில் நிற்கிறது.

மதம் மாற்ற வந்தவருக்கு ஊர் சிலை வைத்தது ஏன் என்று கேட்கலாம். பதில் எளிது. ஊர் அவரிடமிருந்து பள்ளியை எடுத்துக்கொண்டது, மதத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. மிஷன் பள்ளிகளில் படித்த சைவப் பிள்ளைகளில் மிகப் பலர் சைவராகவே வெளியே வந்தார்கள். எதை ஏற்பது, எதை விடுவது என்று விருந்தளிப்பவரும் தெரிவு செய்கிறார் என்பதற்கு இது நல்ல சான்று. பரிமாற்றம் பற்றிய பேச்சில் இந்தப் பக்கம் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

புனித மிக்கேல் கல்லூரி

புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரி 1873ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, 1895இல் அதன் பொறுப்பு பிரெஞ்சு இயேசு சபையாரிடம் சென்ற பின்னரே கல்லூரியின் உருவம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுப்பியவராக நினைக்கப்படுபவர் அருட்தந்தை பெர்டினண்ட் பொன்னெல். பிரெஞ்சுக்காரர்கள், பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இலத்தீன் பூசையின் நிழலில், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு ஆங்கிலத்தில் கற்பித்தார்கள். பண்பாட்டுக் கலப்பு என்று பின்னாளில் பெயர்சூட்டிப் பேசப்பட்டது அந்த வகுப்பறையில் வெறும் அன்றாட நடைமுறை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர்களின் இடத்தை அமெரிக்கர்கள் நிரப்பினார்கள். 1947இல் அமெரிக்க இயேசு சபையைச் சேர்ந்த இக்னேஷியஸ் கிளெனி ஆயரானார். அதற்கடுத்த ஆண்டு யூஜின் ஹீபர்ட், ஹரி மில்லர் போன்ற இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர். ஹீபர்ட் பிறந்தது லூயிசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில். சதுப்பும் கழிமுகமும், இறாலும் நண்டும், சோறும் கொண்ட அந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு மட்டக்களப்பு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது என்று எண்ணத் தோன்றுகிறது. வெயிலும் புழுக்கமும் நுளம்பும் இரு ஊருக்கும் பொது.

அமெரிக்கர்கள் கொண்டுவந்தவற்றுள் ஊரில் ஆழமாக வேரூன்றியது கூடைப்பந்து. கிரிக்கெட்டும் உதைபந்தும் பிரித்தானியர் வழி நாடெங்கும் பரவியவை. கூடைப்பந்து இங்கே நேராக அமெரிக்கரிடமிருந்து வந்தது. புனித மிக்கேல் கல்லூரி அவ்விளையாட்டில் நாடளாவப் பெயரெடுத்தது. ஹீபர்ட் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பிலும் பயிற்றுநராக இருந்தார். நகரின் பொது விளையாட்டரங்கு, விளையாட்டுக்கே வாழ்நாளைக் கொடுத்த மற்றொரு அமெரிக்கத் துறவியான வெபரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மட்டக்களப்பில் ‘வெபர் மைதானம்’ என்று சொல்லும் சிறுவன் ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயரைச் சொல்கிறோம் என்று நினைப்பதேயில்லை. வாவியின் ‘பாடும் மீன்’ ஒலியைக் கருவி கொண்டு பதிவு செய்ததும் இதே குழுவினர்தான். லாங் என்ற துறவியின் பதிவு இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. முழுநிலா இரவில் ஓடத்தில் போய்த் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது ஊரார் வழக்கம். அந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், தன் கருவியோடு அதே ஓடத்தில் ஏறிய ஆசிரியர் நல்ல விருந்தினர்.

கைத்தொழில் கற்பிக்கும் கிழக்குத் தொழில்நுட்பக் கழகத்தை ஹீபர்ட் பின்னாளில் நடத்தினார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், தன்னோடு வந்த சாரதியோடு அவர் காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை. மில்லர் புனித மிக்கேலின் அதிபராக இருந்தவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பதிவு செய்து, அதிகாரிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டேயிருந்தார். பெற்றோர் முறைப்பாடு செய்ய அஞ்சிய இடத்தில் அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த வாத்தியார் துணிந்து கேள்வி கேட்க முடிந்தது. விருந்தினராக வந்தவர் ஊராராக ஆகிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 1948இல் வந்தவர்கள் இவர்கள். ஆண்டுகளால் அல்ல, பல பத்தாண்டுகளால் அளக்க வேண்டிய தங்கல் அது.

இருந்தும் இந்தப் பரிமாற்றத்தின் கணக்கு சமமாக இல்லை. லூயிசியானாவிலிருந்து மட்டக்களப்புக்கு ஆசிரியர்கள் வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து லூயிசியானாவுக்குக் கூத்து கற்பிக்க அண்ணாவியார் எவரும் அனுப்பப்படவில்லை. கூத்தின் வடமோடி, தென்மோடி மரபுகள் இரண்டையும் கட்டிக் காத்த ஊர்கள் வாவிக்கரை ஊர்கள். அவற்றைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனது பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் செய்த வேலை. அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு அங்கே மாணவராக ஆடினார். சிங்கள நாடகத்துக்கு 1956இல் ‘மனமே’ மூலம் சரச்சந்திர கொடுத்த உந்துதலைப் பார்த்தே வித்தியானந்தன் இதைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளால் கொடுக்க முடியாத ஒன்றை, பக்கத்து மொழியின் எடுத்துக்காட்டு கொடுத்தது.

வெளியே போன ஒருவர்

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் புனித மிக்கேலில் படித்தவர். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அதே கல்லூரியில் கற்பித்தும் இருக்கிறார். பின்னர் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இடையில் இமயமலையிலுள்ள மாயாவதி ஆசிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல், அவர் மறைந்த ஆண்டில், அரங்கேறியது.

பிரெஞ்சுத் துறவிகளிடம் கணிதமும் அறிவியலும் கற்று, அந்தக் கணிதத்தைக்கொண்டே பழந்தமிழிசையின் நரம்புகளை அளந்தவர் அவர். பண்பாட்டுச் சந்திப்பின் விளைவு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இந்நூலைச் சுட்டலாம். கற்பித்தவர்கள் எதிர்பார்த்த விளைவு அதுவன்று என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது.

வீட்டுக்குள் வந்த ஆய்வாளர்கள்

பள்ளிக்கு வெளியே, ஊரார் வீட்டில் தங்கி ஊரைக் கற்ற வெளிநாட்டார் மானிடவியலாளர்கள். டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களிலும் ஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்டார். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி எழுதிய மார்க் விற்றேக்கர் 1980களின் தொடக்கத்தில் வந்தவர். மார்கரெட் ட்ராவிக் 1990களின் பிற்பகுதியில் போர் நடந்துகொண்டிருந்தபோது படுவான்கரையில் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து எழுதினார்.

இவர்களுள் விற்றேக்கரின் கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அவருக்கு மட்டக்களப்பில் கிடைத்த நண்பர், புனித மிக்கேலின் பழைய மாணவரும் பின்னாளில் ‘தராகி’ என்ற பெயரில் அறியப்பட்ட பத்திரிகையாளருமான தர்மரத்தினம் சிவராம். இருவரும் இளைஞர்கள், தத்துவமும் அரசியலும் பேசி வாதாடினார்கள், யார் ஆய்வாளர், யார் ஆய்வுப்பொருள் என்ற கோடு அழிந்துபோனது. சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடமிருந்து தான் அரசியல் கற்றதாகத் தலைப்பிலேயே அறிவிக்கும் நூலை விற்றேக்கர் 2007இல் வெளியிட்டார். சம வயதினர், சம நிலையில், நெடுநாள் பழகுதல் என்று பரிமாற்றத் திட்டங்கள் எதை நாடுகின்றனவோ அது இங்கே எந்தத் திட்டமும் இல்லாமல் நடந்தது.

வந்தவர்களைப் பெரிதும் ஈர்த்தது இப்பகுதியின் குடிமுறை. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி எண்ணுகிறார்கள். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே இங்கே ஒரு வீட்டில் தங்கும் வெளிநாட்டுப் பிள்ளையைச் சுற்றி அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று தாய்வழிப் பெண்கள் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள். வீட்டில் எவர் சொல் செல்லும் என்பதை வந்த பிள்ளை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளும்.

1990உம் பிறகும்

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் வாவிக்கரையின் சமூக வரைபடத்தையே மாற்றின. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த கரை இது. சந்தையும் வயலும் தொடர்ந்து இருவரையும் சேர்த்தன, பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை. ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கான வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. உளவளத்துணை கற்ற இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முதன்மையானவர்கள்; கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சுகாதார முயற்சியொன்று துணை நின்றது. தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, வாரத்தில் ஒருநாள் வீதம் பல மாதங்கள் தொடர்ந்து அழைத்து வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், அந்தக் கதையை நாடகமாக ஆடினார்கள், விலங்குகளைப் பராமரித்தார்கள். பிள்ளைகளோடு வேலை செய்த வழிகாட்டிகள் உள்ளூர் இளைஞர்கள், இரு சமூகத்தவரும்.

சமாதானம் பற்றி யாரும் அங்கே விரிவுரை நடத்தவில்லை என்பதே பூங்காவின் சிறப்பு. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலொன்றில், பகைமை கொண்ட குழுக்கள் சும்மா சந்தித்தால் முன்முடிவு குறையாது என்று காட்டினார். சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு முயற்சி, மேலிடத்து ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்பது அவர் கருத்து. பூங்காவில் முதல் மூன்றும் இருந்தன. நான்காவதை, அதாவது அரசின் ஆதரவை, போர்க்கால மட்டக்களப்பில் எதிர்பார்ப்பதற்கில்லை. மாறாகப் பெற்றோரின் நம்பிக்கையும் மதத் தலைவர்களின் இசைவும் அந்த இடத்தை நிரப்பின. ஹோகன் போன்ற வெளிநாட்டார் ஒருவரின் பங்கும் இங்கே தனித்தன்மையானது. அவர் தமிழரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். இரு பக்கத்துப் பெற்றோரும் அவரைத் தம் எதிரியின் ஆள் என்று எண்ண வழியில்லை. வெளியாள் ஒருவர் ஊருக்குப் பயன்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்லடியிலும் நாவலடியிலும் முகாம்களிலும் வந்திறங்கிய தொண்டர்கள் வேறு வகை. சிலர் அரிய வேலை செய்தார்கள். ஆனால் சில வாரம் மட்டுமே தங்கிப் பிள்ளைகளோடு ஒட்டிப் பழகி, பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் நிறைய. உறவுகளை அப்போதுதான் இழந்த பிள்ளைக்கு, புதிதாகக் கிடைத்த ‘அக்கா’வும் ஒரு காலையில் காணாமற்போவது ஆறுதல் அன்று. குறுகிய தங்கல் விருந்தினருக்குத் தரும் அனுபவத்தை விருந்தளித்தவருக்குத் தருவதில்லை.

ஒரே தெருவில் இரு பள்ளிகள்

இலங்கையின் பாடசாலைகள் பயிற்றுமொழியால் பிரிந்தவை: சிங்களம், தமிழ். தமிழ்மொழிப் பள்ளிகளுக்குள் முஸ்லிம் பாடசாலை என்ற தனி வகை உண்டு. நோன்பு மாதத்தை ஒட்டி அவற்றின் தவணை அட்டவணையும் வேறு. மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்வி வலயங்கள் ஐந்து: மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு, மட்டக்களப்பு மேற்கு, மட்டக்களப்பு மத்தி. கடைசி வலயம் நிலத்தால் தொடர்ச்சியற்றது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளைச் சேர்த்து ஆக்கப்பட்டது. நிர்வாகத்துக்கு அதில் நியாயங்கள் உண்டு. முஸ்லிம் ஊர்களின் பள்ளிகள் நெடுநாள் புறக்கணிக்கப்பட்டன என்ற முறைப்பாடும் அவற்றுள் ஒன்று. ஆயினும் விளைவு ஒன்றுண்டு. காத்தான்குடி மாணவனும் பக்கத்து ஆரையம்பதி மாணவனும் வலய விளையாட்டுப் போட்டியில்கூட ஒரே களத்தில் இறங்குவதில்லை.

கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஜேர்மன் உதவியோடு அத்துறையில் திட்டமும் நடந்தது. சிங்கள, தமிழ், முஸ்லிம் பள்ளிகள் ஒன்றையொன்று சந்திக்கும் முகாம்கள், இரண்டாம் தேசிய மொழி கற்பித்தல் ஆகியவை அதில் அடங்கும். பாடசாலைகளை வெளிநாட்டுப் பள்ளிகளோடு இணைத்துக் கூட்டு வேலைகள் செய்விக்கும் திட்டங்களைப் பிரித்தானியக் கவுன்சிலும் இலங்கையில் நடத்தியது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த சிறுவர்கள் பலர் உட்படப் பலர் மாண்டார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் வேலை அதன் பிறகு மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பரிமாற்ற மாணவர்

உலகளவில், உயர்நிலைப் பள்ளி மாணவரை வேறு நாட்டு வீட்டில் ஓராண்டு தங்கவைத்துப் படிப்பிக்கும் முறையைப் பரப்பிய அமைப்புகளுள் முதன்மையானது ஏ.எஃப்.எஸ். முதலாம் உலகப் போரில் பிரான்சில் நோயாளர் வண்டி ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு அது. இரண்டாவது போர் முடிந்ததும் 1947இல் மாணவர் பரிமாற்றத்துக்கு மாறியது. ரோட்டரிக் கழகங்களின் இளையோர் பரிமாற்றமும் பரவலானது. 1953இல் யுனெஸ்கோ தன் கூட்டுப் பள்ளிகள் வலையமைப்பைத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்: வந்த பிள்ளை விருந்தாளியாக இராமல் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் இது பரவாததற்குக் காரணங்கள் தெளிவானவை. 1983 முதல் கிழக்கில் போர் ஓய்ந்த 2007 வரை எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை இங்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். அரச பாடசாலைகள் கபொத சாதாரண தரம், உயர்தரம் என்ற இரு பரீட்சைகளை நோக்கியே ஓடுகின்றன. பாடசாலை முடிந்தால் தனியார் வகுப்பு. இடையில் வந்துசேரும் பிள்ளைக்கு அந்த ஓட்டத்தில் இடமில்லை. வந்த பிள்ளைக்கு ஈடாக இங்கிருந்து ஒரு பிள்ளையை அனுப்புவதென்றால் விசாவும் பயணச்செலவும் குறுக்கே நிற்கும். பரிமாற்றம் என்ற பெயரில் ஒரு பக்கமே பயணம் செய்தால் அது சுற்றுலாவாகிவிடும்.

இதற்கிடையே, எவரும் திட்டமிடாத ஒரு பரிமாற்றம் ஆண்டுதோறும் நடக்கிறது. ரொறன்ரோ, இலண்டன், சூரிச், ஒஸ்லோ எனப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருகிறார்கள். ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், ஆவணியில் மண்டூர்த் திருவிழா என்று கோயில்கள் களைகட்டும் பருவம் அது. அவர்களுக்குத் தமிழ் புரியும், பேச நாணுவார்கள். ஊரிலுள்ள மச்சான் மச்சாளுக்கு ஆங்கிலம் புரியும், பேச நாணுவார்கள். மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்பது கமில் சுவெலபில் போன்ற மொழியியலாளர் கண்ட முடிவு. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் புத்தகத் தமிழ் கற்ற பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. ஊர்ப் பள்ளிகள் இரண்டாம் தவணையில் நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் இந்தப் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். வகுப்பில் உட்கார அவர்களை அனுமதிக்கும் ஏற்பாடு செய்தால் செலவு அதிகமில்லை. வீடு, உறவு, மொழி மூன்றும் ஏற்கெனவே உள்ளன.

பிறநாட்டு மாணவரை முறைப்படி ஏற்க நினைக்கும் பாடசாலைக்குச் சில நடைமுறைகள் தவிர்க்க முடியாதவை. கல்வி அமைச்சின் இசைவும் குடிவரவுத் திணைக்களத்தின் வதிவிட விசாவும் வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழையும் வெள்ளமும். அந்த மாதங்களில் படுவான்கரை ஊர்களுக்குப் போக்குவரத்தே அறுந்துபோகலாம். பிள்ளை தங்கும் வீட்டைத் தெரிவு செய்வதில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பங்கு இருப்பது நல்லது. அதிபரின் நண்பர் வீடு, ஆங்கிலம் பேசும் வீடு, குளிரூட்டி உள்ள வீடு என்று போனால் பிள்ளை காண்பது தன் நாட்டின் மங்கலான பிரதியையே. காலையில் புட்டும் மத்தியானம் மீன்குழம்பும், வாய்த்தால் எருமைத் தயிரும் உண்ணும் சாதாரண வீடு போதும். காத்தான்குடியில் தங்கும் பிள்ளைக்கு நோன்பு மாதமும், களுவாஞ்சிக்குடியில் தங்கும் பிள்ளைக்கு வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தியும் வாய்க்க வேண்டும். முடிந்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டும்.

அந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் பெரும் பயன் இருக்கிறது. ஒரு தவணை தமிழ்ப் பாடசாலையிலும் மறு தவணை முஸ்லிம் பாடசாலையிலும் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இரு பக்கத்திலும் நண்பர்கள் இருப்பார்கள். பிறந்தநாளுக்கோ பிரியாவிடைக்கோ அவர்கள் ஒரே முற்றத்தில் கூட நேரும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் விசா வேண்டியதில்லை, விமானச் சீட்டு வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை. இரு வலயப் பணிப்பாளர்கள் கையொப்பமிட்டால் பத்தாம் தர மாணவர் இருபது பேரை ஒரு தவணைக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வாவிக்கரை அதிபர்கள் இதை முதலில் செய்து பார்க்க வேண்டும். ஒரு தவணைக்குக் குறைந்த எந்த வருகையையும் பரிமாற்றம் என்று பதிவேட்டில் எழுதாமலும் இருக்க வேண்டும்.